ஹங்குல் எழுதப் படிக்க: தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரிய நாடகம் பார்த்து ஆசைப்பட்டவர்கள், கொரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இலங்கையிலிருந்து கொரியாவுக்கு வேலைக்குப் போகத் தேர்வு எழுதுபவர்கள் என்று பலரும் கொரிய எழுத்தான ஹங்குலைப் பற்றி முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்குத் தமிழ்க் காதை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். எழுத்துகளைப் படமாகக் காட்டவில்லை, கோடு கோடாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, படிக்கப் படிக்க வரைந்து பாருங்கள். கை பழகிய எழுத்து சீக்கிரம் மறக்காது.

சீன எழுத்து மாதிரி ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துப் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள். ஹங்குல் நம் எழுத்தைப் போலவே ஒலியை எழுதும் எழுத்து. அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. இவற்றை இரட்டித்தும் சேர்த்தும் வருபவை 16. ஆக மொத்தம் 40. தமிழின் 247 எழுத்துகளைச் சின்ன வயதில் கற்றுக்கொண்டவருக்கு இது பெரிய சுமை இல்லை.

யார் உருவாக்கினார்கள்?

கொரியாவை ஆண்ட ஜொசொன் அரசமரபின் நான்காம் மன்னர் செஜோங். 1443இல் உருவாக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர்கள் எழுதச் சீன எழுத்தைத்தான் நம்பியிருந்தார்கள். படித்த மேல்தட்டுக்கு அது கைவந்தது, மற்றவர்களுக்கு எட்டவில்லை. நம் பேச்சு சீனத்திலிருந்து வேறுபட்டது, சொல்ல நினைத்ததை எழுத முடியாமல் மக்கள் தவிக்கிறார்கள், அதற்காக இரங்கி 28 எழுத்துகளைப் புதிதாகச் செய்தேன் என்று செஜோங் அந்த அறிவிப்பின் முன்னுரையில் சொல்கிறார். அந்த 28இல் நான்கு பிறகு வழக்கொழிந்தன.

அரசவை அறிஞர்கள் எல்லோரும் இதை வரவேற்கவில்லை. சீனாவின் எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகமற்றவர்கள் செய்யும் காரியம் என்று சொல்லி, சே மல்லி என்ற அறிஞர் 1444இல் எதிர்ப்பு மனுவே கொடுத்தார். 1504இல் யொன்சன்குன் என்ற மன்னரைக் கண்டித்து யாரோ ஹங்குலில் அறிக்கை எழுதி ஒட்ட, அவர் இந்த எழுத்துக்கே தடை போட்டார். அரசு ஆவணங்களுக்கு உரிய எழுத்தாக இது ஆனது 1894இல்தான். சாதாரண மக்களுக்காகச் செய்த எழுத்து, அரசு அலுவலகத்துக்குள் நுழையவே நானூற்றைம்பது ஆண்டு காத்திருந்தது. யுனெஸ்கோ 1989இல் ஏற்படுத்திய எழுத்தறிவு விருதுக்குச் செஜோங்கின் பெயரை வைத்திருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

மெய்யெழுத்து வடிவங்களை எப்படி நினைவில் வைப்பது?

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பழைய காலத்தில் பல ஊகங்கள் உண்டு. ஜன்னல் சட்டத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்றுகூடச் சொன்னார்கள். 1940இல் செஜோங் காலத்து விளக்க நூல் கண்டெடுக்கப்பட்டபோது சந்தேகம் தீர்ந்தது. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் வாயின் படம்.

தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். எந்த ஒலி நாக்கின் அடியில் பிறக்கிறது, எது நுனியில் பிறக்கிறது, எது இதழில் பிறக்கிறது என்று அங்கே சொல்லியிருப்பதை இங்கே அப்படியே கோடாக வரைந்திருக்கிறார்கள்.

முதலில் "க்" என்று சொல்லுங்கள். நாக்கின் அடிப்பகுதி எழும்பித் தொண்டையை அடைக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அந்த நாக்கு எப்படி வளைந்திருக்குமோ, அதுதான் ககரம்: இடமிருந்து வலமாக ஒரு கோடு, அப்படியே கீழே இறங்க வேண்டும். தமிழ் "ட"வைத் தலைகீழாகச் சுற்றிவைத்த மாதிரி இருக்கும்.

"ந்" சொன்னால் நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடும். மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு. அச்சு அசல் நம் "ட" போலவே தெரியும், அதனால் தமிழர்கள் முதல் இரண்டு நாள் இதை "ட" என்றே வாசிப்பார்கள். கவனமாக இருங்கள், இது "ந்".

"ம்" ஒரு சதுரம், மூடிய வாய். "ஸ்" பல்லின் வடிவம், மேலே சேர்ந்து கீழே விரியும் இரண்டு கால்கள். தொண்டைக்கு ஒரு வட்டம்.

இந்த ஐந்தும் தெரிந்தால் மீதியில் பெரும்பாலானவற்றை நீங்களே வரையலாம், ஏனென்றால் ஒலி வலுக்கும்போது ஒரு கோடு கூடும். ககரத்துக்குள் ஒரு கோடு போட்டால் காற்று சேர்ந்த "க்ஹ". நகரத்தின் தலையில் ஒரு கோடு போட்டால் தகரம், நடுவில் இன்னொரு கோடு சேர்த்தால் காற்று சேர்ந்த "த்ஹ". இரண்டு காலுக்கு மேல் கூரை போட்டால் சகரம், அதன்மேல் ஒரு சிறு கோடு வைத்தால் காற்று சேர்ந்த "ச்ஹ". வட்டத்தின் மேல் ஒரு படுகோடும் அதற்கும் மேலே ஒரு சிறு கோடும் வைத்தால் "ஹ". சதுரத்தின் பக்கச் சுவர்களை மேலே நீட்டினால் பகரம். தமிழ் "ப"வுக்கு நடுவில் ஒரு படுகோடு போட்டால் அதுவே கொரியப் பகரம்! தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த எழுத்தை மறக்கவே முடியாது.

உயிரெழுத்துகள்?

மூன்று வடிவங்கள்தான் அடிப்படை. வானத்துக்கு ஒரு புள்ளி, நிலத்துக்கு ஒரு படுகோடு, நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒரு நெடுங்கோடு. அந்தப் புள்ளி இன்று சிறு கோடாகிவிட்டது.

நெடுங்கோட்டின் வலப்பக்கம் சிறு கோடு வந்தால் "அ". இடப்பக்கம் வந்தால் "ஒ" போன்ற ஓர் ஒலி. படுகோட்டின் மேலே சிறு கோடு வந்தால் உதட்டைக் குவித்துச் சொல்லும் "ஓ". கீழே வந்தால் "உ". சிறு கோடு இரண்டானால் யகரம் சேரும்: ய, யொ, யோ, யு. வெறும் நெடுங்கோடு "இ".

இடப்பக்கச் சிறு கோட்டு ஒலிதான் கொஞ்சம் படுத்தும். "ஒ" சொல்லத் தொடங்கி, உதட்டைக் குவிக்காமல் தளர்த்திவிடுங்கள். நாடகங்களில் அம்மாவைக் கூப்பிடும் "ஒம்மா"வில் வருவது இந்த ஒலி. பெண்கள் அண்ணனைக் கூப்பிடும் "ஓப்பா"வில் வருவது குவிந்த ஓ. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், உதடு வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும்.

வெறும் படுகோடு ஒன்று இருக்கிறதே, அதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திண்டாடித்தான் கற்கிறார்கள். நமக்கு அது வீட்டுப் பொருள். "பாட்டு", "காசு", "அது" என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கும் உகரம் இருக்கிறது அல்லவா? அந்தக் குற்றியலுகரம்தான் அது. பள்ளி இலக்கண வகுப்பில் படித்தது இங்கே கைகொடுக்கும் என்று யார் நினைத்தார்கள்!

சேர்த்து எழுதுவது நம் உயிர்மெய் மாதிரியா?

பாதி ஆமாம். கொரியர்கள் உயிரெழுத்தைத் "தாய் ஒலி" என்றும் மெய்யெழுத்தைச் "சேய் ஒலி" என்றும் சொல்கிறார்கள். நம் உயிரும் மெய்யும் போல, ஒன்றில்லாமல் ஒன்று அசையாது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் அமர்ந்தால் ஓர் அசை.

வேறுபாடு இரண்டு. ஒன்று, நம் "க"வுக்குள் அகரம் ஒளிந்திருக்கிறது, கொரிய எழுத்தில் அப்படி எதுவும் ஒளிந்திருக்காது. தனி மெய் எப்போதும் புள்ளி வைத்த மெய்தான். இரண்டு, நம் உயிர்க்குறி முன்னே வரும், பின்னே வரும், இரண்டு பக்கமும் வரும், "கு", "டு", "மு" என்று வடிவத்தையே மாற்றும். ஹங்குலில் உயிரின் வடிவம் எங்கும் மாறாது. நின்ற உயிர் மெய்யின் வலப்பக்கம், படுத்த உயிர் மெய்யின் கீழே, அவ்வளவுதான்.

உயிரிலேயே தொடங்கும் அசை என்றால்? அப்போது மெய்யின் இடம் காலியாக இருக்கக் கூடாது, அங்கே வட்டத்தைப் போட வேண்டும். தொடக்கத்தில் வரும் வட்டத்துக்கு ஒலி கிடையாது. அதே வட்டம் அசையின் அடியில் வந்தால் "ங்". "அங்கு" என்று சொல்லத் தொடங்கி "கு"வை விட்டுவிட்டால் வருமே, அந்த ஒலி.

இப்போது ஒரு சொல் எழுதிப் பார்ப்போம். முதலில் ககரம். அதன்கீழ் படுகோடு, அதன்மேல் சிறு கோடு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சதுரம். "கோம்", அதாவது கரடி. சரி, இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். சதுரம், படுகோடு, அதன்கீழ் சிறு கோடு, அடியில் நகரம்: "முன்", கதவு. கொரியக் குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு தெரியும், முதல் நாளே உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

கோடு போடும் வரிசை மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். வட்டத்தை உச்சியில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றுங்கள்.

ஒரே எழுத்து ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் ஒலிக்கிறதே?

தமிழர் இதற்குக் குழம்பவே வேண்டியதில்லை. "கடல்" என்பதில் வரும் ககரமும் "தங்கம்" என்பதில் வரும் ககரமும் ஒரே ஒலியா? எழுத்து ஒன்று, இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வன்மை, இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லினத்தை அடுத்தும் மென்மை. கொரியத்தில் க, ச, த, ப நான்கும் இதே விதிப்படிதான் நடக்கின்றன.

இறைச்சிக்கு "கோகி". கடலுக்கு "பதா". கணவன் மனைவி இருவரையும் சேர்த்துச் சொல்ல "புபு". இவற்றை நீங்கள் தமிழாக வாசித்தாலே ஒலி ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். ஆங்கிலம் வழியே கற்பவர் இதற்கு ஒரு விதியை மனப்பாடம் செய்ய வேண்டும். நம் நாக்கு அதைப் பேச்சோடு கற்றுக்கொண்டுவிட்டது.

லகர ரகரமும் அப்படித்தான், இரண்டுக்கும் ஒரே எழுத்து. உயிர்களுக்கு நடுவில் "ர", அசையின் முடிவில் "ல்". பாட்டுக்கு "நோரே", தண்ணீருக்கு "முல்".

அப்படியானால் மூன்று வகைக் ககரம் எதற்கு?

இங்கேதான் நாம் உழைக்க வேண்டும். சாதாரணம், காற்று சேர்ந்தது, இறுக்கமானது என்று மூன்று வரிசை உண்டு. இறுக்கமானதற்கு அதே எழுத்தைப் பக்கத்தில் இரட்டித்து எழுதுவார்கள்.

"தல்" என்றால் நிலா. காற்றோடு "த்ஹல்" என்றால் முகமூடி. இறுக்கி "த்தல்" என்றால் மகள். அதேபோல் "புல்" நெருப்பு, "ப்ஹுல்" புல், "ப்புல்" கொம்பு.

வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கமான ஒலிக்குத் தாள் அசையக் கூடாது. காற்று ஒலிக்கு நன்றாக விலக வேண்டும். "பக்கம்", "அப்பா" என்று சொல்லும்போது இரட்டை மெய்யில் வரும் இறுக்கம் நமக்குத் தெரியும் என்பதால், மூன்றாம் வரிசை எளிது. காற்று ஒலி தமிழில் இல்லை, அதனால் தாளை வைத்துத் தினம் பழகுங்கள். தென்கொரியத் தலைநகர் சோலின் இன்றைய பேச்சில் இன்னொரு அடையாளமும் உண்டு: சொல் தொடக்கத்தில் சாதாரண ஒலிக்குக் குரல் தாழ்ந்திருக்கும், காற்று ஒலிக்குக் குரல் உயரும். காதில் முதலில் விழுவது பெரும்பாலும் அதுதான்.

"பத்சிம்" என்கிறார்களே, அது என்ன?

அசையின் அடியில் உட்காரும் மெய். "முட்டுக்கொடுப்பது" என்று பொருள். அடியில் எந்த எழுத்து வந்தாலும் ஒலிப்பது ஏழுதான்: க், ன், த், ல், ம், ப், ங். ஸகரமோ சகரமோ அடியில் வந்தால் "த்" ஆகிவிடும். உடைக்கு "ஒத்" என்று சொல்வார்கள், எழுதும்போது அடியில் இருப்பது ஸகரம்.

தமிழர்கள் அதிகம் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது. நம் மொழியில் வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் "கப்" என்பதைக் "கப்பு" என்றும் "பஸ்" என்பதைப் "பஸ்ஸு" என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். சோற்றுக்குக் கொரியத்தில் "பப்". அதைப் "பப்பு" என்றால் கேட்பவருக்கு இரண்டு அசையாக விழும். உதட்டை மூடியதும் நிறுத்திவிடுங்கள், திறக்க வேண்டாம். "க்", "த்" இரண்டுக்கும் அதே கதை, நாக்கை ஒட்டவைத்தபடியே முடிக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே உச்சரிப்பு பாதி தேறிவிடும் என்பது என் கணிப்பு.

எழுதியபடி உச்சரிக்கவில்லையே, ஏன்?

புணர்ச்சி. "தமிழ்" என்பதோடு "ஆசிரியர்" சேர்ந்தால் "தமிழாசிரியர்" ஆகிறது. கொரியத்திலும் அடியில் இருக்கும் மெய், அடுத்த அசை ஒலியற்ற வட்டத்தில் தொடங்கினால் அங்கே தாவிவிடும். இசைக்கு "உம்", "அக்" என்று இரண்டு கட்டமாக எழுதி, "உமக்" என்று வாசிக்கிறார்கள்.

"சொல்", "மாலை" சேர்ந்து "சொன்மாலை" ஆவதுபோல, மெல்லினத்துக்கு முன் வல்லினமும் மெலியும். "நன்றி" என்று நாடகத்தில் கேட்கும் "கம்சாஹம்னிதா"வை எழுதிப் பார்த்தால், "ஹம்" இருக்கும் இடத்தில் "ஹப்" என்று இருக்கும். குழம்புச்சாறுக்குக் "குக்", "முல்" என்று எழுதி "குங்முல்" என்று சொல்வார்கள்.

நாம் மாறிய ஒலியையே எழுதிவிடுகிறோம். கொரியர்கள் சொல்லின் வேரை அப்படியே எழுதிவைத்து, மாற்றத்தை வாய்க்கு விட்டுவிடுகிறார்கள். 1933இல் வகுத்த எழுத்திலக்கணம் இந்த வழியைத்தான் எடுத்தது. தொடக்கத்தில் சிரமம், ஆனால் அகராதியில் சொல்லைத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

ஆங்கில எழுத்திலோ தமிழிலோ எழுதிவைத்துப் படிக்கலாமா?

ஆங்கில எழுத்து வேண்டவே வேண்டாம். தலைநகரின் பெயரே சாட்சி. அது இரண்டு அசை, "சொ", "உல்". ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பார்த்து வாசித்த தமிழ்ப் பத்திரிகைகள் அதைச் "சியோல்" ஆக்கிவிட்டன. தமிழில் எழுதிவைப்பது முதல் மூன்று நாளுக்குத் துணை செய்யும். அப்புறம் அதையும் விடுங்கள், ஏனென்றால் காற்று ஒலியையும் அந்தத் தளர்ந்த "ஒ"வையும் தமிழ் எழுத்தால் காட்ட முடியாது. இந்தப் பக்கத்திலேயே நான் எத்தனை இடத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

என் பெயரை எப்படி எழுதுவது?

குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழியில்லை, அதை மறந்துவிடுங்கள். வகரம் இல்லை, பகரம் போடுவார்கள். ழகரமும் இல்லை. நம் மொழியின் பெயரே அங்கே "த்ஹமில்" என்று லகரத்தில்தான் முடிகிறது. ரகர மெய்யில் முடியும் பெயருக்கு அந்தப் படுகோட்டு உகரம் துணைக்கு வரும், குமார் என்பவர் "க்ஹுமரு" ஆவார். நம் ஊரிலும் "குமாரு" என்றுதானே கூப்பிடுகிறோம்! மீனா மாதிரிப் பெயர்கள் சிக்கலே இல்லாமல் உட்காரும்.

போனில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். அமைப்புகளில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். பொதுவான அமைப்பில் மெய்கள் இடக்கைப் பக்கம், உயிர்கள் வலக்கைப் பக்கம். எழுத்துகளை வரிசையாகத் தட்டினால் கட்டம் தானாகவே அமையும். ஒருங்குறியில் இப்படி அமையக்கூடிய அசைகள் 11,172 இருக்கின்றன, ஆனால் நீங்கள் தட்டுவது அந்த 40 எழுத்துகளை வைத்துத்தான்.

தமிழுக்கும் கொரியத்துக்கும் உறவு உண்டா?

"அப்பா" அங்கேயும் அப்பா. நாளுக்கு "நல்", நானுக்கு "ந". கேட்டால் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது போன்ற ஒற்றுமைகள் உறவில்லாத மொழிகளுக்கு இடையிலும் இருக்கும். உறவை நிரூபிக்க முயலாமல், சொல் வரிசை ஒத்துப்போவதை அனுபவித்துப் படியுங்கள்.

வடகொரியாவிலும் இதே எழுத்தா?

அதே எழுத்துதான். அங்கே "சொசொன்குல்" என்பார்கள். அகராதி வரிசை கொஞ்சம் மாறும். எழுத்து நாளைத் தெற்கில் அக்டோபர் 9இலும் வடக்கில் ஜனவரி 15இலும் கொண்டாடுகிறார்கள்.

எத்தனை நாளில் கற்கலாம்?

புத்திசாலி ஒரு காலைப் பொழுது முடிவதற்குள் கற்பான், மந்தமானவனும் பத்து நாளில் கற்பான் என்று செஜோங் காலத்து விளக்க நூலின் பின்னுரையில் சொல்லியிருக்கிறது. எழுத்துகளை அடையாளம் காண இரண்டு நாள் போதும் என்பது உண்மை. திணறாமல் வாசிக்க மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள், தினம் இருபது நிமிடம். இலங்கையிலிருந்து வேலைக்கான தேர்வு எழுதுபவர்கள் இந்த வாரங்களைக் குறைக்கவே கூடாது. அதில் வாசிப்பும் கேட்டலும்தான் சோதிக்கப்படுகின்றன, எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு நேரம் போதாது.

பயிற்சிக்குப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். ராம்யொன் என்ற நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்புறம், கொரிய உணவகத்தின் பட்டியல், நாடகத்தில் கதாநாயகி நடந்துபோகும் தெருவின் கடைப் பலகைகள் எல்லாவற்றையும் நிறுத்தி வாசியுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவற்றில் "க்ஹொப்ஹி" என்று ஒரு பலகை சீக்கிரமே கண்ணில் படும். நம்மைப் போலவே கொரியர்களுக்கும் ஆங்கில "ஃப" வராது. அது காப்பிக் கடை.